நம்மவரிடமே நியாயம் கேட்டவர்கள்

(ஜூலை 31, புனித இஞ்ஞாசியார் திருநாள் மாலையில் வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. கேட்கத் தவறியவர்களின் வேண்டுகோளுக்கு இணங்க இங்கே அச்சிடப்படுகிறது.)



தூத்துக்குடியில் இந்த நாட்களில் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான். 26ஆம் தேதி பனிமய மாதாவுக்குக் கொடி ஏறிவிட்டது. ஆகஸ்ட் 5ஆம் தேதி வரை ஊருக்குத் தூக்கம் கிடையாது. வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். கப்பலில் வேலை பார்க்கும் பையன்கள் விடுப்பு எடுத்து வந்துவிட்டார்கள். கோவிலைச் சுற்றி மிட்டாய்க் கடையும் வளையல் கடையும் நிறைந்துவிட்டன. இந்தச் சந்தடிக்கு நடுவே ஒரு திருநாள் சத்தமில்லாமல் வந்து போகிறது. அதுதான் இன்றைய நாள்.

இயேசு சபையின் நிறுவனர் புனித இஞ்ஞாசியார் இறந்தது 1556ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று, உரோமையில். இன்று காலை இயேசு சபைக் குருக்கள் தங்கள் இல்லத்துச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றியிருப்பார்கள். அவர்களிடம் படித்த பழைய மாணவர்கள் சிலர் வந்திருப்பார்கள். அதற்குமேல் பெரிதாக ஒன்றும் நடந்திராது. மாதாவின் பந்தலுக்குப் பக்கத்தில் அது ஒரு சின்ன விளக்கு. அவர்களும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. ஆனால் முத்துக்குளித்துறை மக்களாகிய நமக்கு இந்த மனிதரோடு ஒரு கணக்கு இருக்கிறது. அவர் நம் கடற்கரையைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அவர் அனுப்பிய ஆட்கள் நம் மணலில் நடந்தார்கள், நம் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தார்கள், நம் மண்ணிலேயே புதைக்கப்பட்டார்கள். அவர்களில் சிலர் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இஞ்ஞாசியாரின் வாழ்க்கையை நீங்கள் மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்டிருப்பீர்கள். லொயோலா என்ற ஊரில் 1491இல் பிறந்தார். போர்வீரர். 1521இல் பம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தது. படுக்கையில் கிடந்தபோது படித்த புனிதர் வரலாறுகள் அவரை மாற்றின. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் சேர்த்துக்கொண்ட தோழர்களோடு 1534 ஆகஸ்ட் 15 அன்று வார்த்தைப்பாடு கொடுத்தார். திருத்தந்தை மூன்றாம் பவுல் 1540இல் சபைக்கு அனுமதி தந்தார். இதெல்லாம் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன். உரோமையில் அவர் பாலியல் தொழிலில் சிக்கிய பெண்களுக்காகப் புனித மார்த்தாள் பெயரில் ஓர் இல்லம் திறந்தார். அந்தப் பெண்களைத் தாமே தெருவில் அழைத்துக்கொண்டு நடந்தார். ஒரு சபையின் தலைவர், ஊர் பார்க்க, பகல் நேரத்தில். யார் என்ன பேசியிருப்பார்கள் என்று உங்களால் ஊகிக்க முடியும்.

அந்த நிறுவனரின் கையெழுத்து நம் கரையில் எப்படி விழுந்தது என்று பார்ப்போம்.

1536, 37ஆம் ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றார்கள். ஏறக்குறைய 20,000 பேர் என்று சொல்வார்கள். ஏன் பெற்றார்கள் என்பதை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. முத்துப் பார்களுக்காக இங்கே கடும் போட்டி இருந்தது. கடலில் பிழைக்கவும், கரையில் உயிரோடு இருக்கவும் ஒரு துணை தேவைப்பட்டது. போர்த்துக்கீசியர் துணை வந்தார்கள். அந்தத் துணைக்கு ஒரு விலையும் இருந்தது. மூச்சை அடக்கிக் கல்லோடு கீழே போய்ச் சிப்பி அள்ளி வந்தவனின் உழைப்பில் அவர்களும் பங்கு கேட்டார்கள். ஆண்டுதோறும் 4,000 பணம் இந்தக் கரையிலிருந்து போர்த்துக்கல் நாட்டு ராணியின் காலணிச் செலவுக்கு என்று போனது. ஆமாம், காலணிக்குத்தான். நம் பாட்டன்மார் வெறுங்காலோடு நடந்த காலத்தில்!

திருமுழுக்குக் கொடுத்த குருக்கள் கொச்சிக்குத் திரும்பிப் போனார்கள். சிலுவை அடையாளம் போடக்கூடச் சொல்லிக் கொடுக்க இங்கே ஆள் இல்லை. அந்த நிலையில்தான் 1542 இறுதியில் பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தார். உண்மையில் இந்தியாவுக்கு வர வேண்டியவர் அவர் அல்ல. பொபதில்லா என்ற இன்னொரு தோழர் வருவதாக இருந்தது. அவர் நோயில் விழுந்ததால் இஞ்ஞாசியார் சவேரியாரைக் கேட்டார். அவரும் சரி என்று புறப்பட்டுவிட்டார். அதன்பின் இருவரும் இந்த உலகில் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

சவேரியார் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிய கதையும், திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்த கதையும் நமக்கு மனப்பாடம். மணப்பாட்டுக் குகையை நாம் ஆண்டுதோறும் போய்ப் பார்க்கிறோம். அவருடைய தமிழ் எப்படி இருந்தது தெரியுமா? தெரிந்தவர்களை வைத்துச் செபங்களை மொழிபெயர்த்து, அப்படியே மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்தார். விசுவாச அறிக்கையில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வர வேண்டிய இடத்தில் யாரோ ‘வேணும்’ என்று போட்டுவிட்டார்கள். கொஞ்ச காலம் நம் முன்னோர் ‘கடவுள் வேணும்’ என்று சொல்லி வந்தார்கள். பிறகு அவரே தவறைக் கண்டுபிடித்து, தம் உதவியாளர் மான்சிலாசுக்கு எழுதி மாற்றச் சொன்னார். எனக்கென்னவோ அந்தப் பழைய செபமும் மோசமில்லை என்றுதான் தோன்றும்.

இந்த மான்சிலாசுக்கு 1544இல் சவேரியார் எழுதிய கடிதங்கள் பல இன்றும் இருக்கின்றன. மணப்பாடு, புன்னைக்காயல், ஆலந்தலை, தூத்துக்குடி என்று நம் ஊர்ப் பெயர்களாகவே அவற்றில் வரும். பக்தி நூல் போல இருக்கும் என்று எண்ணிப் படித்தால் ஏமாந்துபோவீர்கள். பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கிறதா, பெண்கள் சாராயம் குடிக்கிறார்களா, அந்தத் தோணி வந்ததா, இந்த ஆளுக்குச் சம்பளம் கொடுத்தாயா என்று ஒரு பங்குத்தந்தையின் அன்றாடத் தலைவலிகள்தான். சாராயம் குடித்தவர்களுக்குத் தண்டம் போடச் சொல்வார். கோபக்காரர். அவர் செய்ததெல்லாம் இன்று நமக்கு ஏற்புடையதாக இருக்காது. ஆனால் அந்தக் கடிதங்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. அவருடைய கோபத்தில் பெரும்பகுதி போர்த்துக்கீசியர்மீதுதான். அவரைக் கப்பலேற்றி அனுப்பிய அரசனின் ஆட்கள்மீது. அவரோடு ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கியவர்கள்மீது.

ஒருமுறை உள்நாட்டு இளவரசர் ஒருவரின் பணியாளை ஒரு போர்த்துக்கீசியன் பிடித்துக் கப்பலில் அடைத்துவிட்டான். சவேரியார் கொதித்துப்போனார். நம்மோடு சமாதானமாக இருக்கும் இந்த நாட்டார் வந்து நம்மவன் ஒருவனைப் பிடித்துக் கொண்டுபோனால் நாம் சும்மா இருப்போமா என்று கேட்டார். அந்தப் பணியாள் கிறிஸ்தவன் அல்ல. அவனை விடுவிக்க வேண்டும் என்று எழுதியவர், இந்த அநியாயங்களைப் பார்த்துக்கொண்டு வாழ்வதே தமக்குச் சலிப்பாக இருக்கிறது என்ற அளவுக்கு மனம் நொந்தார்.

தூத்துக்குடியில் அப்போது கோஸ்மே த பைவா என்றொரு கப்பித்தான் இருந்தார். கரைக்குக் காவலாக வைக்கப்பட்ட தளபதி அவர். ஆனால் உள்நாட்டு அரசர்களுக்குப் போர்க்குதிரை விற்றுப் பணம் சேர்ப்பதில்தான் அவருக்குக் கருத்து. காவல் காக்க வந்தவர் சண்டைக்காரர்களுக்கே குதிரை விற்றால் கரை என்னவாகும்? அந்த ஆண்டு ஜூனில் வடுகர் படை தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் புகுந்தது. மக்கள் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஏறி ஒளிந்து பசியாலும் தாகத்தாலும் செத்துக்கொண்டிருந்தார்கள். மணப்பாட்டிலிருந்து சவேரியார் 20 தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். ஆனிக் காற்று எப்படி இருக்கும் என்று நம் மீனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோணிகள் முன்னேற முடியாமல் நாட்கணக்கில் தத்தளித்துத் திரும்பின. மக்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் மேலும் தானியம் திரட்டச் சொன்னார்.

செப்டம்பரில் அடி தூத்துக்குடிக்கே விழுந்தது. கப்பித்தானின் வீடு எரிந்தது. கப்பல் எரிந்தது. அவரும் ஊர் மக்களும் எதிரே இருக்கும் தீவுகளுக்கு ஓடினார்கள். அங்கே குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஆலந்தலையில் இருந்த சவேரியாருக்குச் செய்தி வந்தது. நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? ‘அனுபவிக்கட்டும்’ என்று ஒரு வார்த்தையாவது வாயிலிருந்து வந்திருக்கும். அவர் உடனே மான்சிலாசுக்கு எழுதினார்: இருக்கிற எல்லாத் தோணிகளிலும் தண்ணீரும் உணவும் ஏற்றிக்கொண்டு விரைந்து போ, கப்பித்தானையும் மக்களையும் காப்பாற்று என்று. தாம் போனால் அந்த மனிதருக்குப் பிடிக்காது என்பதால்தான் தாம் போகவில்லை என்றும் தெரிவித்தார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஆபத்து நீங்கியபின், அந்த ஆண்டு டிசம்பரில், கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் கப்பித்தானுக்கு ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். இந்தக் கரையில் அடித்த கொள்ளைக்கும், அவருடைய பேராசையால் தூத்துக்குடியில் விழுந்த பிணங்களுக்கும் கணக்குத் தீர்த்து மனச்சாட்சியைச் சுத்தப்படுத்திக்கொள்ளச் சொல். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல் என்பதுதான் அதன் சாரம். தண்ணீர் கொடுத்தாயிற்று, ஆகவே நியாயம் கேட்கத் தேவையில்லை என்று அவர் நினைக்கவில்லை. நியாயம் கேட்க வேண்டியிருக்கிறது, ஆகவே தண்ணீர் கொடுக்கத் தேவையில்லை என்றும் நினைக்கவில்லை. நான் இந்த இரண்டையும் ஒருசேரச் செய்தவர்களை என் வாழ்நாளில் மிகச் சிலரைத்தான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த மாதமே, 1545 ஜனவரியில், போர்த்துக்கல்லில் இருந்த தம் தோழர் சீமோன் ரொட்ரிகசுக்கு எழுதினார். உமது நண்பர்கள் யாரையும் அரசு உத்தியோகம் கொடுத்து இந்தியாவுக்கு அனுப்பாதீர் என்று கெஞ்சினார். இங்கே வந்தவர்கள் ‘கொள்ளையடி’ என்ற ஒரே ஒரு வினைச்சொல்லை வைத்துக்கொண்டு இலக்கணம் படிக்கிறார்கள் என்ற பொருளில் ஒரு கிண்டலும் செய்திருந்தார். நம் தமிழாசிரியர் மொழியில் சொன்னால், இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம், பெயரெச்சம், வினையெச்சம், ஏவல், வியங்கோள் என்று அந்த ஒரே வினையை எல்லா வகையிலும் பழகிவிட்டார்கள்! ராணியின் காலணிப் பணத்தையும் அவர் விடவில்லை. அதை இந்தக் கரையிலேயே உபதேசியார்களின் சம்பளத்துக்குக் கொடுங்கள் என்று ராணிக்கே விண்ணப்பித்தார். விண்ணகம் ஏறுவதற்கு இந்தப் பிள்ளைகளைவிட நல்ல காலணி உங்களுக்குக் கிடைக்காது என்று எழுதினார். ராணியும் கொடுத்தார். கேட்டால் கொடுத்திருப்பார்கள் என்பது கேட்டபின்தான் தெரிகிறது. இதை நினைவில் வையுங்கள், கடைசியில் மறுபடி வருகிறேன்.

எல்லாரும் கேட்டுக் கொடுத்துவிடவும் இல்லை. அந்தோணி கிரிமினாலி என்ற இத்தாலிய இளைஞரின் முடிவு அதைக் காட்டுகிறது. சவேரியாருக்குப்பின் இந்தக் கரையைப் பார்த்துக்கொண்டவர் அவர். 1549இல் மண்டபத்துக்கு அருகே வேதாளையில் இருந்தார். இராமேசுவரம் போகிற இந்து யாத்திரிகர்களை வழிமறித்துப் போர்த்துக்கீசியக் கப்பித்தான் ஒருவர் வரி வாங்கினார். நாடே பார்த்துக்கொண்டிருந்த அநியாயம் அது. கடைசியில் படை வந்தது. போர்த்துக்கீசியர் சிலர்தான் இருந்தார்கள். கப்பலை நோக்கி ஓடினார்கள். கிரிமினாலியும் போயிருக்கலாம். பெண்களையும் பிள்ளைகளையும் தோணியில் ஏற்றிவிடுவதற்காகக் கரையிலேயே நின்றார். ஈட்டிகள் அவரைக் குத்திச் சாய்த்தன. அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. இயேசு சபையின் முதல் மறைசாட்சி அவர்தான். இஞ்ஞாசியார் உயிரோடு இருந்தபோதே உரோமைக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது. விசுவாசத்துக்காக இறந்தவர் என்று நாம் அவரைப் போற்றுகிறோம், சரிதான். ஆனால் அவரைக் கொன்ற கோபம் எங்கே பிறந்தது என்று கேட்டால், நம்மவர் ஒருவர் பிறருடைய கோவிலுக்குப் போகிற பாதையில் உட்கார்ந்து காசு பிடுங்கியதில்தான் பிறந்தது. வேறொருவர் வாங்கிய காசுக்கு அவர் உயிரைக் கொடுத்தார்.

இன்றைய திருநாளுக்குக் குறித்திருக்கும் நற்செய்தியில் கோபுரம் கட்ட நினைத்தவன் முதலில் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்ப்பதாக ஆண்டவர் சொல்கிறார். நியாயம் பேசுவதற்கும் அப்படி ஒரு செலவுக் கணக்கு உண்டு. பகைவனிடம் நியாயம் பேசச் செலவு குறைவு, ஊரே கைதட்டும். நம்மவனிடம் பேசும்போதுதான் செலவு ஏறும். நாத்தான் இறைவாக்கினர் தாவீதின் அரண்மனைக்குள் போய், ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி, அந்த மனிதன் நீர்தான் என்று முகத்துக்கு நேரே சொன்னாரே, அவர் பெலிஸ்தியனிடம் போய்ச் சொல்லவில்லை. தம் அரசரிடம், தமக்குச் சோறு போடுகிறவரிடம் சொன்னார்.

அன்றீக்கு அடிகளாரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கரையின் கதை நிறைவடையாது. கிரிமினாலி இறந்தபின் பொறுப்பேற்றவர் இவர். யூதப் பரம்பரையில் வந்த குடும்பம் என்பதால் வேறொரு துறவற சபை இவரை வெளியே அனுப்பிவிட்டது. அக்காலத்தில் அது பெரிய இழுக்கு. இஞ்ஞாசியாரோ யூத இரத்தம் இழிவு என்ற பேச்சையே ஏற்காதவர். ஆண்டவரும் அன்னை மரியாவும் பிறந்த குலம் அல்லவா, அது எனக்குப் பெருமை அல்லவா என்று கேட்டவர். தம் சபைக்குள்ளேயே பலருக்குப் பிடிக்காத நிலைப்பாடு அது. அந்தக் கதவு திறந்திருந்ததால் அன்றீக்கு உள்ளே வந்தார். ஏறத்தாழ 50 ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்தார். தமிழை இலக்கணத்தோடு கற்றார். 1578இல் கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுதான். அச்சுக்குப் பணம் கொடுத்தவர்கள் நம் கடற்கரை மக்கள். 1600இல் இறந்து தூத்துக்குடியில் அடக்கமானார். வேண்டாம் என்று ஒருவர் தள்ளிய மனிதரை இன்னொருவர் சேர்த்துக்கொண்டதால் நம் மொழிக்குக் கிடைத்த நன்மை இது.

இப்போது நம் காலத்துக்குச் சற்று அருகே வருவோம். கடற்கரையை விட்டு உள்ளே, வடக்கன்குளத்துக்கு. புனித தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற ஊர் அது. அங்கே 1872இல் ஒரு கோவில் கட்டினார்கள். மேலிருந்து பார்த்தால் கால்சட்டை போல இருக்கும் என்பார்கள். பீடம் ஒன்று, பீடத்திலிருந்து பிரிந்து போகும் கைகள் இரண்டு, நடுவே சுவர். ஒரு பக்கம் ஒரு சாதி, மறுபக்கம் இன்னொரு சாதி. இரண்டு பக்கமும் பூசையைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. கட்டியவர்கள் யார்? இதே இயேசு சபைக் குருக்கள்தான். சண்டை வேண்டாம், சமாதானமாகப் போவோம் என்று கட்டினார்கள். நிறுவனரின் திருநாளில் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதை இடித்தவரும் இயேசு சபைக் குருதான். அதிரியான் கௌசானல் அடிகளார், பிரெஞ்சு நாட்டவர். 1903இல் பாளையங்கோட்டையில் திரு இதய சகோதரர்கள் சபையைத் தொடங்கிய நிறுவனர். 1910இல் அவர் வடக்கன்குளத்தில் பங்குத்தந்தையாக இருந்தபோது சுவர் விழுந்தது. ‘எங்கள் பக்கம் எங்களுக்கே’ என்று உரிமை கொண்டாடியவர்கள் நீதிமன்றம் போனார்கள். திருச்சி ஆயர் பார்த் ஆண்டகையைப் பிரதிவாதியாக்கி வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. வழக்குப் போட்டவர்கள் தோற்றார்கள். கோவிலுக்குள் சாதிக்கு என்று தனி இடம் கேட்கும் உரிமை கிடையாது என்றாயிற்று. கௌசானல் அடிகளார் இறந்தபின் அவருடைய சகோதரர்கள் அவரைப் பள்ளிகள் வழியாகவும் அவர் பெயர் தாங்கிய கல்லூரி வழியாகவும் நினைவுகூர்கிறார்கள். நான் அந்த ஊரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது வேறு. சுவர் இருந்த அந்த 38 ஆண்டுகளும் அங்கே பூசை நடந்தது. குருக்கள் வந்தார்கள், போனார்கள். நல்லவர்களும் இருந்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் அந்தச் சுவர் தவறு என்று தெரிந்திருக்கும். திருவிழா முடியட்டும், அறுவடை முடியட்டும், அடுத்த சாமியார் பார்த்துக்கொள்ளட்டும்.

ஏன் எனக்கு அது நினைவுக்கு வருகிறது என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும். வானொலியில் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலோரப் பங்கில் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். முத்துக் குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனாலும் சங்கு குளிக்கப் போவது இன்றும் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் கல்லும் கயிறும். மேலே தோணியில் கயிறு பிடிப்பது பெரும்பாலும் மனைவியின் அண்ணனோ தம்பியோதான். தங்கச்சி தாலி தன் கையில் இருக்கிறது என்று அவன் கயிற்றை விடமாட்டான் என்பார்கள் பெரியவர்கள். இப்போது கம்ப்ரசர் குழாயை வாயில் வைத்துக்கொண்டு ஆழத்துக்குப் போகிறார்கள். நீண்ட நேரம் அடியில் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால் உடம்பு தாங்காது. அப்படி ஒரு இளைஞர் மேலே வந்தார். கரைக்கு வருமுன் உயிர் போய்விட்டது. மனைவி, இரண்டு பிள்ளைகள், பெரியவனுக்குப் பத்து வயது.

படகுக்காரர் அடக்கச் செலவைப் பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் படிப்புக்கு ஒரு தொகை தருவதாகக் கல்லறைத் தோட்டத்தில் வைத்து எல்லார் முன்னிலையிலும் சொன்னார். நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. கோவிலுக்கு வாரி வழங்குகிறவர். அந்த ஆண்டு கொடிமரத்துக்குப் பித்தளைத் தகடு போட்டுத் தருவதாகவும் ஏற்றிருந்தார். மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் என் அறைக்கு வந்தார். வாசல்படியிலேயே நின்றார்.

“சாமி, நீங்க ஒரு வார்த்த சொன்னா அவுக கேப்பாக” என்றார்.

“பார்க்கலாம்மா. திருவிழா முடியட்டும்” என்றேன்.

திருவிழா முடிந்தது. கொடிமரம் பளபளத்தது. படகுக்காரரை மாலை போட்டுக் கௌரவித்தோம். மாலை போட்டவன் நான். அந்தப் பெண் இன்னும் இரண்டு முறை வந்தார். மூன்றாவது முறை வரவில்லை. தாய் ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எனக்கு, வெட்கத்தோடு சொல்கிறேன், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து எனக்கு மாற்றல் வந்தது. புறப்படுவதற்கு முந்தின வாரம் ஆண்டுத் தியானம். சவேரியாரின் அந்த டிசம்பர்க் கடிதத்தைத் தியானம் கொடுத்தவர் வாசித்தார். அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் நேரே படகுக்காரர் வீட்டுக்குப் போனேன். பேச்சு வாயில் வரவில்லை. காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு ஒருவாறு சொல்லி முடித்தேன். அவர் கோபப்படுவார், இனி கோவில் பக்கம் வரமாட்டார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னையே சற்று நேரம் பார்த்தார்.

“இத அப்பவே சொல்லியிருந்தா முடிச்சிருப்பேனே சாமி. நீங்க ஒண்ணும் கேக்கல. சரி, அந்தப் பிள்ளைக்கு வேற வழி ஆயிட்டுன்னு நெனச்சேன்” என்றார்.

உள்ளே போய்ப் பணத்தைக் கொண்டுவந்து ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். சொன்ன தொகையைவிடக் கூடுதலாகவே இருந்தது.

அந்தப் பெண் இருக்கும் இடத்தைத் தேடிப் பிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. உப்பளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் கண்ணைக் கூசியது. என்னைப் பார்த்ததும் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வரப்பு வழியாக ஓடி வந்து தோத்திரம் சொன்னார். கவரை வாங்கிப் பிரித்துப் பார்க்காமல் இடுப்பில் செருகினார். “கையெழுத்துப் போடணுமா சாமி?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று விசாரித்தேன்.

“சின்னவ படிக்குது சாமி. பெரியவன் போன வருசமே நிறுத்திட்டான். அவன் இப்ப சங்கு குளிக்கப் போறான்.”